சிறுநீர் எரிச்சல்: முதலில் சோதனை, பிறகு மாத்திரை

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

சிறுநீர் எரிந்தால் ‘சூடு’ என்று இளநீர் குடிக்கிறோம். சிறுநீர் வெளிவரும் குழாயில் அழற்சியாகவும் இருக்கலாம். பாலுறவில் தொற்றும் கொனோரியா, கிளமிடியா கிருமிகள் அதற்கு முக்கியக் காரணம். வெட்கப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால், பிறகு சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம்.

வழக்கமான கல்ச்சருக்கு நடுவில் வரும் சிறுநீர். இந்தக் கிருமிகளுக்கோ, கடைசியாகப் போய் ஒரு மணி நேரமாவது ஆன பின், முதலில் வரும் சிறுநீர். லேபில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சீழ் கசிந்தால் அதையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் கணக்கு டாலி ஆகாது. பெண்களுக்கு அறிகுறியே இல்லாமல் கருப்பை வரை பரவி, குழந்தைப்பேறு பாதிக்கலாம்.

வளர்ந்த பிள்ளைகள் வந்து சொன்னால் திட்டாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்.