ஓரத்தில் பென்சில் குறி



கஷ்ட காலத்தில் எதைப் படிப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். முப்பது வருஷ காலம் ஒரு கிளை நூலகத்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டவருக்குக் கேட்ட புத்தகத்தையும், கேட்கத் தெரியாமல் நின்றவருக்கு நானாக ஒன்றையும் எடுத்துக் கொடுத்ததைத் தவிர இதற்கு எனக்கு யோக்கியதை ஏது? ஆயினும் விமரிசகருக்குத் தெரியாத ஒரு சங்கதி நூலகனுக்குத் தெரியும். ஜனங்கள் எந்தப் புத்தகத்தைப் புகழ்கிறார்கள் என்பது வேறு. எந்தப் புத்தகம் முதுகு கிழிந்து வருஷா வருஷம் தையலுக்கு வருகிறது என்பது வேறு.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி, பொழுது விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்து, தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் நூலகத்தின் ஓடுகளில் பாதி பறந்து, கிழக்குச் சுவரோரம் நின்ற நான்கு அலமாரிகள் நனைந்துபோயின. நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்துவிடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். நேயர்களே, தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள், அட்டை வில்லாய் வளைந்துவிடும். இருபது பக்கத்துக்கு ஒரு பழைய தினசரித் தாளைச் செருகி, நிழலில் நிறுத்தி, தாள் ஈரத்தைக் குடிக்கக் குடிக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரமில்லாத அந்த நாட்களில் நானும் கூட்டுகிற அம்மாவும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இந்தக் கைங்கரியத்தைச் செய்தபோது, வழவழப்பான தாளில் வர்ணப் படங்களோடு அச்சான உயர்ந்த விலைப் புத்தகங்களெல்லாம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல்லாகிவிட, மட்டமான தாளில் அச்சான கதைப் புத்தகங்கள் பழுப்பேறியும் உப்பியும், பிரித்துப் படிக்கிற நிலையில் பிழைத்துக்கொண்டன. அவற்றில் ஒன்று மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’.

தமிழின் முதல் நாவல் என்ற பெருமையை அதற்குக் கொடுத்துவிட்டு, படிக்காமலே மரியாதை செய்கிறவர்கள் நம்மில் அநேகர். படித்தவர்களோ அதன் குறைகளை விரல்விட்டு எண்ணுவார்கள். மணமக்கள் யார் வீட்டில் வசிப்பது என்று சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்கிற வரையில் நம் ஊர்க் கதையாக நடந்து வருவது, திடீரென்று ஆண் வேஷம் பூண்ட கதாநாயகி ஞானாம்பாளின் கழுத்தில் யானை மாலையிட, அவள் விக்கிரமபுரிக்கு ராஜாவாகிவிடுகிற பாட்டி கதையாக மாறிவிடுகிறது. அவ்வளவு சாமர்த்தியமாக ராஜ்யபாரம் செய்த பெண்ணைக் கடைசியில் பழையபடி வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறாரே என்று எனக்கே ஒரு மனஸ்தாபம் உண்டு. இவையெல்லாம் போகட்டும், கதை சூடு பிடிக்கிற ஒவ்வொரு சமயத்திலும் ஆசிரியர் அதை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, ஒரு பிரசங்கத்தையோ அல்லது நாலைந்து உபகதைகளையோ விஸ்தாரமாகத் தொடங்கிவிடுகிறார். தமிழ் நாட்டு நியாயஸ்தலத்தில், தமிழ்க் கட்சிக்காரனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, வக்கீல்கள் அவனுக்கு விளங்காத இங்கிலீஷில் வாதிப்பதைப் பற்றிய பிரசங்கம் ஒன்று அதில் இருக்கிறது. தாமே முன்சீபாக உட்கார்ந்து, மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்ட மனிதர் ஆகையால், அங்கே அவர் கோபம் நிஜக் கோபமாகவே இருக்கும்.

எங்கள் பிரதியில் யாரோ ஒரு வாசகர், கதை நின்று பிரசங்கம் தொடங்குகிற இடந்தோறும் ஓரத்தில் பென்சிலால் ‘தாண்டலாம்’ என்றும், கதை திரும்புகிற இடந்தோறும் ‘இங்கே வரவும்’ என்றும் எழுதி வைத்திருந்தார். நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம். ஆனாலும் இது பரோபகாரமான குற்றம் என்று நானும் விட்டுவைத்தேன்.

புயலடித்துப் பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகு, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு விவசாயி வந்தார். தோப்பில் தொண்ணூறு மரம் இருந்ததாகவும் ஐந்து மரந்தான் நிற்கிறதென்றும், விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். “ராவுல தூக்கம் வரல சார், வெளக்கு வெளிச்சத்துல படிக்க ஏதாவது குடுங்க” என்றார். உலர்ந்து முடிந்த புத்தகங்களில் மேலாக இருந்தது இதுதான், எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளைக்குப் பிறகு திரும்பி வந்தவர், புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, “ஒரு ரப்பர் இருக்கா சார்?” என்று கேட்டார். எதற்கு என்றேன்.

“எவனோ தாண்டலாம்னு எழுதி வச்சிருக்கான் சார். அவன் தாண்டச் சொன்ன எடத்துலதான் பெரியவர் நம்மகிட்ட உக்காந்து பேசுறாரு. கதை பாட்டுக்கு அது ஓடிடுது.”

நான் ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து, ஈரத்தில் ஊறிய தாள் கிழிந்துவிடாதபடி ஒவ்வொரு குறியாக அழித்துவிட்டுப் போனார். நேயர்களே, அந்த நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் படித்ததில்லை.

விவசாயி சொன்ன அந்தப் பெரியவர் எந்தக் காலத்தில் வாழ்ந்து அப்படிப் பேசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாவல் அச்சேறியது 1879-இல். அதற்குச் சற்று முன்புதான், நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிக் கேட்ட, 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் க்ஷாமம் தென்னாட்டைச் சூறையாடியிருந்தது. மாயூரத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவருக்குச் சோறு போட்ட வேதநாயகம் பிள்ளையின் உபகாரத்தை, ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ செய்த கோபாலகிருஷ்ண பாரதியார் மனம் உருகிக் கீர்த்தனையாகவே பாடினார். சாவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவருடைய நாவலில், செருப்புத் தைத்தவன் கூலியாகச் ‘சந்தோஷம்’தான் வேண்டுமென்று அடம்பிடித்துக் கதாநாயகனைச் சிறைக்கே அனுப்பிவிடுகிற விகடமும் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியந்தான்.

கடிகாரம் துரத்துகிறது, மற்றதைச் சுருக்கிக்கொள்கிறேன். நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்கலாகாது. கணவரை இழந்த ஒரு பெண்மணிக்கு, மனத்தைத் திடப்படுத்திக்கொள்வது எப்படி என்று எண்வரிசை போட்டுச் சொல்லும் புத்தகம் ஒன்றை, நல்லது செய்வதாக எண்ணிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, “இதிலே எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ கொடுத்தேன். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது அது. 1942-இல் சென்னையில் குண்டு விழுமென்ற பீதியில் ஐயர் திருக்கழுக்குன்றம் போய், ஏப்ரல் மாதம் அங்கேயே காலமாகிவிட்டபடியால், முடிவு பெறாமல் நின்றுபோன நூல். முடிவில்லாததும் ஒரு குறைதானே? அந்தப் பெண்மணி அதை மூன்று தடவை புதுப்பித்து வைத்துக்கொண்டார்.

ஆகவே, வீட்டில் நோயோ கடனோ துக்கமோ நேர்ந்திருக்கும்போது, உயர்ந்த இலக்கியம் ஒன்றைப் படித்தே தீர வேண்டுமென்று உங்களை நீங்கள் வருத்திக்கொள்ள வேண்டாம். குறையெல்லாம் தெரிந்தும் நீங்கள் விட மனமில்லாத புத்தகம் எதுவோ, அதையே வெட்கமில்லாமல் எடுங்கள். எங்கள் பிரதி உப்பிய முதுகோடு இன்னும் அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்திலும் ஒன்று இருக்கக்கூடும். கேட்டு வாங்கிப் படியுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.