மேய்ச்சல் தரைக்கும் ஓய்வு வேண்டும்

மேய்ச்சல் தரை கட்டாந்தரையானால் மழையைப் பழிப்பது வழக்கம். ஓரிடத்திலேயே கால்நடைகளை ஓயாது மேயவிடுவதும் அதற்குக் காரணமாகும். துளிர்க்குந்தோறும் கடிபட்டால் புல் வேர் தளர்ந்து மடியும். குளம்படி பட்டு இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் ஓடிவிடும்.

காங்கேயம் பகுதிக் குடியானவர்கள் கொறங்காடு எனப்படும் தங்கள் மேய்ச்சல் நிலத்தைக் கிளுவை வேலியிட்டுக் காத்து, பகுதி பகுதியாக மேய்க்கின்றனர். ஒன்றில் மாடுகள் மேய, மற்றவை ஓய்வு பெறுகின்றன. அவ்வோய்வில் கொழுக்கட்டைப் புல் தழைத்து விதை உதிர்க்கிறது. சாணமும் அங்கேயே உரமாகிறது. வெள்வேல மரங்கள் நிழலும் கோடையில் காயும் தருகின்றன.

பொது மேய்ச்சல் தரையுள்ள ஊராரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். தரையை நான்காக வகுத்து, மழைக்குப்பின் ஆண்டுக்கொரு பாகமாக விதை முற்றும்வரை மூடிவைத்தல் நலம். ஒருவர் கட்டுப்பாட்டை மீறின் பிறரும் மீறுவர். நஷ்டம் எல்லோருடைய மாடுகளுக்குமே.