இடையன்குடி இல்லம்



நம் பெரியதாழைக் கடற்கரையை விட்டுத் தேரிமணல் கடந்து உள்நாடு சென்றால் இடையன்குடி. 1841-இல் சென்னையிலிருந்து நடந்தே வந்த கால்டுவெல் வாழ்ந்த வீடு அங்குள்ளது. 2011-இல் தமிழக அரசு அதனை நினைவில்லமாகத் திறந்தது.

1816-இல் எல்லிஸ் ஊன்றிய விதையை, 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தால் மரமாக்கியவர் கால்டுவெல். தமிழ் வடமொழியின் கிளையன்று என நிறுவினார். ஆயினும், 1849-இல் நாடார் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், இம்மண்ணின் மக்களை இழிவுபடுத்துவதெனக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மொழியை உயர்த்திய கரமே அம்மொழி பேசியோரைத் தாழ்த்தியும் எழுதிற்று. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் போற்றுதல் வரலாறாகாது. அவ்வில்லத்துள் இரண்டையும் சுமந்தே நுழைதல் வேண்டும்.

அவ்வூரில் அவர் எழுப்பிய தூய திரித்துவ ஆலயம் 1847-இல் தொடங்கி 1880-இல் முடிவுற்றது. அங்கேயே அவர் அடக்கமாகியுள்ளார். அவர் பெயரைக் கல் காக்கிறது. அந்த 33 ஆண்டுகள் கல் சுமந்த தோள்களுக்கும், நாள்தோறும் அவர் செவியில் தமிழை நிறைத்த பனையேறிகளுக்கும் கல்லில் பெயரில்லை. அவர்களுக்கு நினைவில்லம் கட்டுவது அரசின் பணியன்று, கவிஞர்களே, நம் பணி. சொல்லால் கட்டுவோம்.