வீட்டு முற்றத்தில் ஒரு வானிலை நிலையம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விடுதிக் கஞ்சியைப் பற்றியும் மணி அடிக்கும் அண்ணையைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் நமது பூகோள ரீச்சரை மட்டும் நினைவூட்டுகிறேன். மைதான ஓரத்தில் ஒரு செப்பு மழைமானி இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மழை பெய்த மறுநாள் காலை 8.30க்கு ஒருத்தி போய் அளந்து கொப்பியில் எழுதவேண்டும். மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்துப் பூச்சியம் என்று எழுதவேண்டும். "பாராமல் எழுதுற பூச்சியமும் பொய்தான்" என்பார் ரீச்சர். பிறகு இடப்பெயர்வு வந்தது. மழைமானியும் போயிற்று, கொப்பிகளும் போயின. வடக்கில் எத்தனையோ இடங்களில் அந்தக் காலத்து மழைப் பதிவுகள் இப்படித்தான் விட்டுப்போயின.

இன்று நான் இருப்பது பெரியமடுவில். ஓய்வு பெற்றபின் கொஞ்ச வயலும் தோட்டமும் செய்கிறேன். என்னோடு படித்து இப்போது ரொறன்ரோவில் இருக்கும் சிநேகிதி, மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தாள். கம்பியில்லா வீட்டு வானிலை நிலையம். வெளியே கம்பத்தில் பூட்டும் ஒரு கருவி, வீட்டுக்குள் வைக்கும் ஒரு திரை. வெளிக்கருவியில் வெப்பமானி, ஈரப்பதமானி, சுழலும் கிண்ணங்கள் கொண்ட காற்றுவேகமானி, திசைகாட்டும் வால், மழைமானி. அது அளப்பதை எல்லாம் வானொலி அலையாக உள்ளே அனுப்பும். காற்றமுக்கத்தை அளப்பது உள்ளே இருக்கும் திரைப்பெட்டியே.

வாங்கி அனுப்ப நினைக்கும் அக்காமாருக்கு முதலில் ஒரு சொல். வட அமெரிக்காவில் விற்பவை பெரும்பாலும் 915 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை, ஐரோப்பாவில் 868, சில வகைகள் 433. எந்த நாட்டில் எதற்கு அனுமதி என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் நூறு மீற்றர் எட்டும் என்று போட்டிருந்தால் அது வெட்டவெளியில். நடுவில் சுவரும் தகரக் கூரையும் வந்தால் பாதியும் எட்டாது. என் திரை, வெளிக்கருவியை நேரே பார்க்கும் யன்னலோரம் இருக்கிறது. குசினிக்குள் வைத்த முதல் வாரம் பாதி நேரம் வெறும் கோடுகள்தான்.

அடுத்தது இடம். நான் செய்த முதற்பிழை, ஏறப் பஞ்சிப்பட்டு, கருவியைத் தகரக் கூரையின் விளிம்பில் பூட்டியது. மத்தியானம் 41 பாகை காட்டியது. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது ஊரின் வெப்பம் அல்ல, என் தகரத்தின் வெப்பம். வெப்பமானி நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெயில் நேரே படாத வெள்ளைத் தட்டுகளுக்குள், புல் நிலத்துக்கு மேலே இருக்கவேண்டும். சீமெந்து முற்றம் ஆகாது. காற்றுக்கோ முறையான உயரம் பத்து மீற்றர். இரண்டும் ஒரே கம்பத்தில் இருக்கும் கருவியில் எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு மழையும் வெப்பமும் முக்கியம். அதனால் இரண்டு மீற்றரில் வைத்தேன். என் காற்றுவேகம் குறைவாகக் காட்டும் என்று கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். மழைமானிக்குப் பக்கத்தில் வேம்போ சுவரோ இருந்தால், அதன் உயரத்தின் இருமடங்கு தூரமாவது தள்ளி நிற்கவேண்டும். கம்பம் நடுவதும் ஏறுவதும் இடி முழக்கம் இல்லாத நாளில் மட்டும். ஐப்பசி கார்த்திகையில் மின்னலுக்குத் திறந்தவெளிக் கம்பம் நல்ல இலக்கு.

கருவியில் வடக்கு என்று ஓர் அடையாளம் இருக்கும். அதை உண்மையான வடக்குக்குத் திருப்பாவிட்டால் வாடைக்காற்றைக் கச்சான் என்று சொல்லும். கைத்தொலைபேசியின் திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் அது குழம்பும், நானும் குழம்பினேன். பிறகு ரீச்சர் சொல்லித்தந்த பழைய வழிக்குப் போனேன். நத்தார் நாட்களில் எங்கள் பக்கத்தில் சூரியன் உச்சத்துக்கு வருவது 12 மணி 10 நிமிடமளவில். அந்த நேரம் நேரான தடி ஒன்றை நட்டால் அதன் நிழல்தான் வடக்கு. சித்திரையில் இதைச் செய்யாதீர்கள். சூரியன் தலைக்கு நேரே வரும் மாதம் அது, நிழலே இராது.

மழைமானிக்குள் சீசோப் பலகை போல இரண்டு சிறு வாளிகள். ஒன்று நிரம்பியதும் கவிழும், மற்றது மேலே வரும். ஒரு கவிழ்வு, என் கருவியில், 0.2 மில்லிமீற்றர். சரியாக எண்ணுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். என் புனலின் வாய் 11 சென்ரிமீற்றர் அகலம். அதன் பரப்பு 95 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 95 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் 10 மில்லிமீற்றர் காட்டவேண்டும். மருந்து கொடுக்கும் சிரிஞ்சால் அரை மணித்தியாலத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊற்றினால் வாளி சிந்தும், கணக்குப் பிழைக்கும். சிலந்தி, எறும்பு, வேப்பம்பூ, காக்காய் எச்சம் ஆகிய நாலும் மழைமானியின் எதிரிகள். புனல் அடைபட்டால் அடைமழையிலும் பூச்சியம் காட்டும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

இனி, நான் சொல்ல வந்த முக்கிய விடயம்.

கருவி வந்த முதல் மாசி மாதம். காலபோக அறுவடை முடிந்து எல்லோரும் நெல் காயவைக்கும் நேரம். என் திரையில் ஒரு சிறு படம் வரும்: சூரியன், முகில், மழை. வரப்போகும் நேரத்துக்கான எதிர்வுகூறல் அது என்று கையேட்டில் இருந்தது. பக்கத்து வளவு அண்ணை ஒருநாள் வேலியால் கேட்டார்.

"தங்கச்சி, பெட்டி என்ன சொல்லுது?"

"வெயில் எண்டு காட்டுது அண்ணை."

அவர் என்னை நம்பி மூடைகளை அவிழ்த்து, றோட்டோரம் படங்கு விரித்து, நெல்லைப் பரப்பிவிட்டு மடுப் பக்கம் போய்விட்டார். மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. நானும் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஓடி ஓடி அள்ளினோம். பாதிதான் அள்ள முடிந்தது. மிச்சம் நனைந்து, இரண்டு நாளில் முளை கண்டது. வியாபாரி பாதி விலைக்குத்தான் எடுத்தார். நட்டத்தில் ஒரு பங்கு தருகிறேன் என்றேன், அண்ணை வாங்கவில்லை. ஆனால் அதன்பின் ஒரு மாதம் வேலிப் பக்கம் வரவும் இல்லை. அந்த நாட்களில் அந்தத் திரையைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏன் பிழைத்தது என்று தேடிப் படித்தேன். அந்தப் படம் காற்றமுக்கம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டும் வைத்துக் காட்டப்படுவது. ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் மழை பெரும்பாலும் பெரிய தாழமுக்கங்களோடு வரும். அங்கே அந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். நாங்கள் இருப்பது வட அகலக்கோடு ஒன்பதில். இங்கே பின்னேரத்தில் முகில் திரண்டு கொட்டும் மழைக்கு அமுக்கத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியாது.

அதைவிட, எங்கள் பக்கத்தில் அமுக்கத்துக்குக் கடல் போல ஏற்றமும் வற்றும் உண்டு. காலை பத்து மணியளவில் உயரும், பின்னேரம் நாலு மணியளவில் தாழும், இரவு பத்துக்குத் திரும்ப உயரும், விடியற்காலை நாலுக்குத் திரும்பத் தாழும். பகல் ஏற்றத்துக்கும் பின்னேர இறக்கத்துக்கும் இடையில் மூன்று ஹெக்ரோபஸ்கால் அளவு வித்தியாசம் இருக்கும். இது நல்ல வெயில் நாளிலும் நடக்கும். இதை அறியாதவர் ஒவ்வொரு பின்னேரமும் புயல் வருகிறது என்று பயப்படலாம்.

ஆகவே அமுக்கத்தைப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு: இன்று காலை பத்து மணியை நேற்றுக் காலை பத்து மணியோடு ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தை ஒரே நேரத்தோடு. அப்படிப் பார்த்தும் மூன்று, நாலு குறைந்திருந்தால், இரவு பத்துக்கு உயரவேண்டியது உயராமல் இருந்தால், அப்போதுதான் கவனிக்கவேண்டும். அப்போதும் செய்யவேண்டியது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்பதுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதிவையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா அவர்கள் தமிழில் தரும் வானிலைக் குறிப்புகளையும் நான் தவறாமல் வாசிக்கிறேன். செய்மதிப் படமும் பல நிலையங்களின் தரவும் பார்த்துச் சொல்பவர்கள் அவர்கள். என் முற்றத்துக் கம்பம் முற்றத்தை மட்டும் அறியும்.

1964 மார்கழி 22ஆம் திகதி இரவைப் பற்றி மன்னாரில் வளர்ந்த எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. வடக்கைக் கடந்து போன அந்தப் புயல்தான் அக்கரையில் தனுஷ்கோடியை அழித்தது. 2020 மார்கழியில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, எங்கள் மாவட்டத்தினூடாக மன்னார்க் குடாவுக்குள் இறங்கியது. இந்த முறை நாட்கணக்கில் முன்னறிவித்தல் இருந்தது. அந்த வித்தியாசத்தை வீட்டுப் பெட்டி தராது.

வெள்ளமும் அப்படித்தான். அருவியாறு அநுராதபுரப் பக்கத்தால் வருவது. அங்கே கொட்டினால், இங்கே என் மழைமானி பூச்சியம் காட்டும் நாளிலும் ஆறு பெருகும். "எங்கட பக்கம் மழையில்லை, வெள்ளம் வராது" என்று கருவியைக் காட்டி ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் இந்தப் பெட்டியால் என்ன பயன் என்று தங்கைமார் கேட்பீர்கள். நாளைக்கு என்ன என்பதை விட்டுவிட்டு, நேற்று என்ன என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அது உண்மை சொல்லும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். ஓர் ஏக்கருக்கு நாலாயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் மேல். நேற்று இரவு 20 மில்லிமீற்றர் என்றால் இன்று வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், மற்ற வயலுக்கு விடலாம். விடியற்காலை காற்று மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குக் குறைவா என்று பார்த்து மருந்தடிக்கலாம். சோளகம் எந்த நாளில் தொடங்கியது, வாடை எந்த நாளில் திரும்பியது என்று இப்போது என்னிடம் திகதியோடு இருக்கிறது. திரையில் வரும் அந்தச் சிறு படத்தின் மேல் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி மறைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணை வேலிக்கு வந்தார். "ராத்திரி எவ்வளவு பெய்தது தங்கச்சி?" என்று கேட்டார். கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். கமக்கார அமைப்புச் செயலாளரும் மாத முடிவில் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒரு நிலையம் வாங்கிக்கொடுக்க வெளிநாட்டுக் கிளைகள் விரும்புவதாகக் கேள்விப்பட்டேன். மிக்க சந்தோசம். அதோடு பழையபடி ஒரு கை மழைமானியும் கொடுங்கள். பற்றறி தீர்ந்தாலும் அது அளக்கும். மின்கருவி பிழைக்கும்போது காட்டியும் கொடுக்கும். ஐந்து வருடத்துக்குப் பற்றறி வாங்கவும், வெயிலில் வெடிக்கும் பிளாஸ்ரிக்கை மாற்றவும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். திறப்பு விழாப் படத்தோடு நின்றுபோன கருவிகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டு, தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, முருங்கன், நானாட்டான், சிலாவத்துறை, அடம்பன், மடு என்று எங்கள் பழைய மாணவிகள் இல்லாத ஊர் இல்லை. ஊருக்கு ஒருத்தி எழுதினாலே போதும். கருவி இல்லாதவர், நேரான பக்கமுள்ள ஒரு தகர டப்பாவையும் அடிமட்டத்தையும் வைத்துத் தொடங்கலாம். டப்பாவின் அகலம் எதுவாக இருந்தாலும் உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழம்தான் மழை. திணைக்களத்தின் நிலையங்களில் 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கும் அதே நேரம், காலை 8.30, அளந்து எழுதுங்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களில் யார் நாளைக்காலை மைதானத்துக்குப் போவாள் என்று எனக்குத் தெரியாது. மழை பெய்யாது போல்தான் இருக்கிறது, ஆனால் அதை நான் சொல்லமாட்டேன். போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பூச்சியம் என்று எழுதுங்கள்.