படம் பிடிப்போர் நிற்குமிடம்



பறக்கும் தட்டைக் கையால் வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்யும் ஆட்டமொன்று அமெரிக்காவிலே வளர்ந்துள்ளது. டிஸ்க் கொல்ஃப் என்பது அதன் பெயர். எட் ஹெட்ரிக் என்பார் 1976ஆம் ஆண்டில் இதற்கெனத் தொழில்முறைச் சங்கமொன்றை நிறுவினார்.

2021ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியின் இறுதிக் கூடையில், தோல்வியின் விளிம்பில் நின்ற ஜேம்ஸ் கொன்ராட், ஏறத்தாழ 75 மீற்றருக்கு அப்பாலிருந்து எறிந்த தட்டு நேரே கூடையிற் புகுந்தது. சமநிலை பெற்ற அவர், மேலதிக ஆட்டத்தில் பால் மக்பெத்தை வென்று பட்டஞ் சூடினார். அவ்வரிய காட்சியை உலகம் கண்டது படக்கருவியின் துணையாலன்றோ?

ஆயினும், அதே படக்கருவி ஆட்டத்தைக் குலைக்கவுங் கூடும். முறை வந்து களம் தடையின்றி இருக்குமாயின், 30 விநாடிக்குள் எறிதல் வேண்டும் என்பது விதி. அவ்வேளை கூடையின் பின்னே ஓர் அசைவு தோன்றினாலும், கருவி 'கிளிக்' என ஒலித்தாலும், கண்ணுங் கருத்துஞ் சிதறும்.

ஆகவே, ஆட்டக்காரர் கால் ஊன்றுமுன் இடந் தேர்ந்து, அவர் பார்வைக் கோட்டினின்று விலகி, அசையாது நிற்றல் நன்று. ஓசையெழுப்பும் கருவியாயின், தட்டு கையை விட்டு நீங்கிய பின்னரே அதனை இயக்குதல் வேண்டும். இன்று ஓசையற்ற கருவிகள் உள. எனினும் அவை அசைவுக்கு அனுமதியாகா.

எதிர்முகப் படமே அழகுடையது என்பது உண்மை. அதனைத் தொலைவிலிருந்து நீண்ட வில்லையால் எடுக்கலாம். தவறிய படத்திற்கு அடுத்த கூடையில் ஈடு கிடைக்கும். பிறரால் தவறிய எறிகைக்கு ஈடு கிடையாது.