சொல்லும் சூழலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையிலே பேசும்படி மன்றத்தார் பணித்தபோது, பொருள் தேடி நாம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஐந்தாந் தரத்திற் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இன்று ஒரே பேச்சுத்தான். அது புலமைப்பரிசிற் பரீட்சை. அப்பரீட்சைக்குப் பிள்ளைகள் சொற்களைப் பயிலும் முறை பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம். விடயம் சிறிதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளை தன் தாய்மொழியைத் தன்னுடையதென்று எண்ணுகிறதா, அயலார் பொருளென்று அஞ்சுகிறதா என்பது இவ்விடத்திலேதான் முடிவாகின்றது.

இப்பரீட்சையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அரசாங்க சபையிலே கல்வி மந்திரியாக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. வசதியற்ற கிராமத்துப் பிள்ளை, தன் திறமை ஒன்றையே துணையாகக் கொண்டு அரசாங்கப் பணத்தில் அங்கே சென்று கற்க வேண்டும் என்பதே புலமைப்பரிசிலின் நோக்கமாக இருந்தது. ஆகவே இது எம்மைப் போன்ற ஊர்களுக்காகவே பிறந்த பரீட்சை என்று சொன்னால் மிகையாகாது.

இன்று இப்பரீட்சையிலே இரண்டு வினாத்தாள்கள் உண்டு. முதலாவதில் 40 வினாக்கள். நேரம் ஒரு மணித்தியாலம். இரண்டாவதில் 60 வினாக்கள். நேரம் ஒரு மணித்தியாலமும் 15 நிமிடமும். வெட்டுப்புள்ளியைத் தாண்டும் பிள்ளைக்கு ஆறாந் தரத்திலே பெரிய பாடசாலையின் கதவு திறக்கும். வருமானம் குறைந்த குடும்பமாயின் உதவிப் பணமும் கிடைக்கும்.

தமிழ்ப் பாடத்துக்குத்தான் சொல்லறிவு வேண்டும் என்று சிலர் நினைக்கின்றார்கள். அது முழுதும் சரியன்று. கணித வினாவையும் பிள்ளை தமிழிலேதான் வாசிக்கின்றது. “எஞ்சிய மாம்பழங்கள் எத்தனை?” என்று கேட்டால், கழித்தல் நன்கு தெரிந்த பிள்ளையும் ‘எஞ்சிய’ என்னும் சொல்லிலே தடக்கி நிற்கக்கூடும். ‘முறையே’, ‘தவிர’, ‘குறைந்தபட்சம்’ என்னும் சொற்களும் அப்படிப்பட்டவையே. கணக்குத் தெரியாமல் இழக்கும் புள்ளிகளோடு, சொல் தெரியாமல் இழக்கும் புள்ளிகளும் உண்டு என்பதைப் பெற்றோர் மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, சொற்களை நாம் எப்படிப் படிப்பிக்கின்றோம்? கொப்பியிலே நடுவே ஒரு கோடு. இடப்பக்கத்தில் ஒரு சொல், வலப்பக்கத்தில் அதன் ஒத்த சொல். நாளுக்கு இருபது. காலையில் ஒப்புவித்தல், மாலையில் மறத்தல். மறுநாள் வேறு இருபது. ஜேர்மனிய அறிஞர் எபிங்கௌஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து தம்மையே சோதித்து, 1885 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாறு கற்றதிற் பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகின்றது என்பது அவர் கண்ட முடிவு. பொருளோடும் வாழ்வோடும் தொடுக்கப்படாத சொல்லும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு வெற்றொலிதானே?

இங்கே பெரியோர்கள் ஒரு தடை எழுப்பலாம். “தம்பி, எங்கள் முன்னோர் திண்ணைப் பள்ளியிலே நிகண்டை மனனஞ் செய்தார்கள் அல்லவா? அவர்கள் தமிழ் குறைந்து போயிற்றா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டை மனனஞ் செய்வது அக்காலத்துக் கல்வியின் ஓர் அங்கமாக இருந்தது உண்மை. ஆனால் நிகண்டோடு அவர்கள் நின்றார்களா? நிகண்டு கற்றவன் அடுத்து இலக்கியத்தைக் கற்றான். அங்கே தான் மனனஞ் செய்த சொல்லைச் செய்யுள் தோறும் சந்தித்தான். நிகண்டு வித்து; வாசிப்பு வயல். நாமோ வித்தை மாத்திரம் பிள்ளையின் கையிலே கொடுத்துவிட்டு, வயலைக் காட்டாது விட்டுவிடுகின்றோம்.

இதை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர் பெருமான் (1822–1879). வெசிலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்தும் வந்தவர் அவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் சூடாமணி நிகண்டை உரையோடு அச்சிட்ட அதே பெருமான், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களையும் எழுதினார். சிறு வாக்கியத்திலே தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து செல்லும் நூல்கள் அவை. சொல்லை வாக்கியத்திலே வைத்துக் காட்டினாற்றான் பிள்ளைக்கு விளங்கும் என்பதை அவர் செய்கையினாலேயே காட்டினார். மிசன் பாடசாலையிலே பயின்ற எமக்கும் இது பெருமை தரும் செய்தி. யாழ்ப்பாணத்திலே 1842 இல் 58,500 சொற்களோடு அகராதியை அச்சேற்றியவர்கள் மிசனரிமாரும் தமிழ்ப் பண்டிதர்களும். அகராதியும் வேண்டும், பாலபாடமும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நிறைவாகாது.

எம் தலைமுறையார் ‘அபாயம்’ என்னும் சொல்லை எங்கே கற்றோம்? பாடநூலிலே அன்று. 2008 ஆம் ஆண்டிலே துணுக்காய், மல்லாவிப் பக்கத்து மக்கள் போரினால் ஊரை விட்டுப் போனார்கள். போர் முடிந்து திரும்பி வந்தபோது எமக்கு எழுத்துக் கூட்டும் வயது. காட்டோரத்திலே சிவப்புப் பலகை. அதிலே மண்டையோட்டுப் படம். ‘மிதிவெடி அபாயம்’ என்ற எழுத்து. அதைக் கண்டதும் அம்மாவின் கை எம் கையை இறுக்கிப் பிடித்தது. ஒருவரும் எமக்கு ஒத்த சொல் கூறவில்லை; எதிர்ச்சொல்லும் கூறவில்லை. ஆயினும் அச்சொல்லை நாம் இன்றுவரை மறக்கவில்லை, இனியும் மறக்கப் போவதில்லை. அத்தகைய கொடிய பாடம் இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் அது காட்டிய உண்மையை நாம் தள்ளிவிட முடியாது. சூழல் சொல்லைக் கற்பிக்கின்றது.

ஒரு சொல்லே இடத்துக்கு இடம் வேறு பொருள் தருவதையும் பாருங்கள். ‘வான்’ என்றாற் பாடநூலிலே ஆகாயம். எமது வவுனிக்குளத்துக் கட்டிலே நின்று ‘வான் பாயுது’ என்றால், நிரம்பிய குளத்து நீர் வழிந்தோடுகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘சூடு’ என்றால் வெப்பம். வயலிலே அது அரிந்த நெற்கதிரை அடுக்கிய குவியல்; செய்தித்தாளிலே அது துப்பாக்கிச் சூடு. கொப்பியிலே ‘சூடு என்றால் வெப்பம்’ என்று மாத்திரம் எழுதிய பிள்ளை, ‘கமக்காரர் சூடு மிதித்தனர்’ என்னும் வாக்கியத்தைக் கண்டாற் கலங்கும். கமக்காரரின் பிள்ளையே கலங்குமானால், குற்றம் பிள்ளையிடத்தா, நாம் கற்பித்த முறையிலா?

எமது மாலை வகுப்பிலே ஒரு பிள்ளை, ‘பாடசாலையில் விளையாட்டுப் போட்டி இடம்பெயர்ந்தது’ என்று எழுதியது. ‘இடம்பெற்றது’ என்று எழுத வேண்டியது அது. சிரிப்பதற்குரிய பிழை அன்று. அப்பிள்ளை வீட்டிலே கேட்டு வளர்ந்த சொல் ‘இடம்பெயர்வு’. அதுவே முன்வந்து நின்றது. ‘விழா இடம்பெற்றது, மக்கள் இடம்பெயர்ந்தனர்’ என்று இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டினோம். அவ்வளவே போதுமானதாயிற்று.

ரகர றகர வேறுபாடும் அவ்வாறே. ‘கூரை’ வேறு, ‘கூறை’ வேறு என்று நூறு முறை சொல்வதிலும், ‘கிடுகினாற் கூரை வேய்ந்தார்கள், மணமகள் கூறை உடுத்தாள்’ என்று ஒரு முறை எழுதுவிப்பது மேல். ‘ஏழையைக் கண்டு இரங்கினான், மரத்தால் இறங்கினான்’ என்பதும் அத்தகையதே.

பரீட்சையில் வரும் இடைவெளி நிரப்பும் வினாவை எப்படி அணுகுவது? ஓர் உதாரணம் தருகின்றோம். ‘மாரி மழையினாற் குளம் நிரம்பியது. அளவுக்கு மிஞ்சிய நீர் ........ வழியாகத் தானே வெளியேறியது.’ விடைகள்: வரம்பு, துருசு, வான், கிணறு. பிள்ளை முதலில் விடைகளைப் பார்க்கக்கூடாது. வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். ‘அளவுக்கு மிஞ்சிய’ என்பது ஒரு தடயம். ‘தானே’ என்பது மற்றொரு தடயம். துருசை மனிதர் திறக்க வேண்டும். தானே வெளியேறும் வழி வான். பின்பு நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாக இடைவெளியிலே வைத்து மெல்ல வாசித்துப் பார்த்தால் ஐயம் நீங்கும். இது ஊகம் அன்று, ஆராய்ச்சி. பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய ஆராய்ச்சி.

இனி வீட்டிலே செய்யத்தக்க பயிற்சி. நாளுக்கு ஒரு சிறு பந்தியைப் பிள்ளை உரத்து வாசிக்கட்டும். தெரியாத சொற்களில் மூன்றை மாத்திரம் கோடிடட்டும். முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு பொருளைத் தானே கூறட்டும். அதன் பின்னரே அகராதியைப் பார்க்க வேண்டும். ஊகித்த பொருள் சில வேளை தவறும். ஆதலால் அகராதியைக் கைவிடலாகாது. அடுத்து, அச்சொல்லை வைத்துத் தன் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதட்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே சொல்லை வேறொரு வாக்கியத்திலே சந்திக்கட்டும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேகி முதலிய ஆய்வாளர்கள் 1985 இல் வெளியிட்ட ஆய்விலே, வாசிப்பில் ஒரு முறை சந்திக்கும் சொல் மனத்திலே தங்கும் வாய்ப்புச் சிறிது என்றும், ஆயினும் வாசிப்புப் பெருகப் பெருக அச்சிறிதே பெரிதாகும் என்றும் கண்டார்கள். சிறு துளி பெருவெள்ளம் என்று எம் முன்னோர் சொன்னதும் அதுவே.

இறுதியாக ஒன்று. எம் பிள்ளைகள் வீட்டிலே பேசும் தமிழைக் குறைவாக எண்ணலாகாது. ‘கெதியா’ என்பதை எழுதும்போது ‘விரைவாக’ என்றும், ‘வருகினம்’ என்பதை ‘வருகிறார்கள்’ என்றும் மாற்ற வேண்டும் என்பது மெய். பரீட்சை எழுத்துத் தமிழையே கேட்கும். ஆனால் ‘உவன்’, ‘உது’, ‘உங்கே’ என்று நாம் பேசுகின்றோமே, அது கொச்சை என்று யார் சொன்னார்? அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் வகுத்தது. அம்மூன்றாவது சுட்டைத் தமிழகத்தார் பேச்சிலே இழந்துவிட்டனர். ஈழத்துப் பேச்சு அதை இன்னும் காத்து வருகின்றது. இலக்கண நூலிலே உள்ளதைத் தன் ஆச்சியின் வாயிலே கேட்கும் பேறு பெற்ற பிள்ளை, தமிழ் வினாத்தாளைக் கண்டு அஞ்சுவதேன்?

ஆகவே எமது வேண்டுகோள் இவை. மன்றத்து இளைஞர்களே, வாரத்தில் இரண்டு மாலைகள் வாசிகசாலையிலே சிறுவர்க்கு வாசிப்பு நடத்துங்கள். பல்கலைக்கழக விடுமுறைகளில் நாமும் வந்து தோள் கொடுப்போம். பெரியோர்களே, குளத்தினதும் வயலினதும் காட்டினதும் சொற்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அச்சொற்கள் உங்களோடு போய்விடும். பெற்றோர்களே, வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையையும் அதே அன்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை ஒரு காலை நேரத்தோடு முடிந்துவிடும். கற்ற சொல் ஆயுள் முழுதும் உடன் வரும்.