படியா, பாவமா?

(பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடந்த கூட்டங்களில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் புராணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. படிக்கட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படிக்கட்டுக்கு ஒரு பிரசங்கமா என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

சிறு வயதில் போலியோவால் கால் விழுந்துபோன நண்பர் ஒருவர் எனக்குண்டு. பெரம்பலூர் பக்கத்துக்காரர். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலேற அரியலூருக்குத்தான் வரவேண்டும். பஸ்ஸில் அவரை ஒருவர் தூக்கி ஏற்ற வேண்டும். இன்னொருவர் இறக்க வேண்டும். இறங்கினால் சிமெண்டு லாரிகள் ஓடும் ரோடு. இத்தனையும் தாண்டி வந்தவரைப் பார்த்து ஒரு பெரியவர், "போன ஜென்மத்துப் பாவம்" என்றாராம்.

நான் கேட்கிறேன், பஸ்ஸுக்கு அவ்வளவு உயரத்தில் படி வைத்தது போன ஜென்மமா? ஆபீஸ் வாசலில் நான்கு படி கட்டியது விதியா, கொத்தனாரா? கால் போனது வியாதியால். வழி போனது நம் புத்தியால். அந்த வியாதியையும் பரிகாரம் போக்கவில்லை, சொட்டு மருந்து போக்கிற்று. இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிரதேசத்தில் போலியோ ஒழிந்ததென்று 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. வியாதியை ஒழித்த அறிவு படியை ஒழிக்காதா?

ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ரவுல் கிரவுத்ஹவுசன் என்றொருவர். அவரே சக்கர நாற்காலிக்காரர். அவரும் தோழர்களும் 2010-ல் 'வீல்மேப்' என்ற படத்தை ஏற்படுத்தினார்கள். சக்கர நாற்காலி தாராளமாய்ப் போகுமிடம் பச்சை. ஓரளவு போகுமிடம் ஆரஞ்சு. போகவே முடியாதது சிவப்பு. இதற்கு அடிப்படை, 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்'. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. செயற்கைக்கோள் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். வாசலில் எத்தனை படி என்று சொல்லாது. அதை மனிதன்தான் போய்ப் பார்த்து எழுதவேண்டும். எழுதும்போது, சாய்வுப் பாதை இருக்கிறதென்று மட்டும் எழுதினால் போதாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமென்பது கணக்கு. அரையடிப் படி மூன்றென்றால் பதினெட்டடி வேண்டும். பேருக்கு நாலடியில் சறுக்கு மரம் போலக் கட்டிவைத்தால் அது பாதையல்ல, பள்ளம்.

எழுதினதைத் திருத்தவும் வேண்டும். சென்னை மெரினாவில் கடலருகே சக்கர நாற்காலி போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பிறகு செப்பனிட்டார்கள். ஆகவே படமென்பது ஒரு தரம் எழுதி என்றைக்கும் மாறாதென்று சொல்லும் வேதமல்ல. நேற்றைய உண்மை இன்று பொய்யானால் அடித்து எழுத வேண்டிய கணக்குப் புத்தகம்.

இது தர்மமா என்றால், இல்லை, உரிமை. 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. 2011 ஜனக்கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். உள்ளாட்சி மன்றங்களில் அவர்களை உறுப்பினராய் நியமிக்க 2025-ல் நம் சட்டசபையும் சட்டம் செய்தது. நியமனம் பெற்றவர் பஞ்சாயத்து ஆபீஸின் படியேற முடியாவிட்டால் அந்த நாற்காலி யாருக்கு?

பிறரைச் சொன்னேன்; என்னையும் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் ஜாதியின் பேரால் நிறுத்தப்பட்டவனுக்காகத் தொண்டை வறளப் பேசினவன் நான். அந்தக் கூட்டங்களில் பல மாடியில் நடந்தன. என் நண்பர் கீழே தெருவில் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பல வருஷம் எனக்கு அது தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை. எவனையோ வாசலில் நிறுத்துகிறவன் அக்கிரமக்காரன் என்றால் நான் யார்?

ஆகையால் தோழர்களே! நான் சொல்வதை நம்பவேண்டாம். நாளைக் காலையில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை போய்ப் பாருங்கள். அதில் உட்கார்ந்து பழகினவரையே கூட்டிப் போங்கள். தடை எதுவென்று அவருக்குத்தான் தெரியும். எண்ணின படியைச் செல்போனில் எழுதுங்கள். எழுதினதைக் காட்டி, இடிக்க வேண்டியதை இடிக்கச் சொல்லுங்கள். இனி நம் கூட்டம் எதுவும் மாடியில் வேண்டாம்.